மான் மட்டும்

போன வருடம் ராஜஸ்தானில்
இடிந்த கோட்டைப் படியில்
புலி படுத்திருந்ததைப் பார்த்தவன்
பிரட்ரிக் கோட்டை வாசலிலும் கேட்கிறான்,
உரத்து:
"அம்மா, இங்க புலி எங்க நிக்கும்?"

ஓட்டோக்காரர் ரேடியோவைக் குறைத்தார்.
என் கை தானாகப் போய்
ஆரூரனின் வாயைப் பொத்தியது.
எட்டு வயது. ஸ்காபரோவில் பிறந்தவன்.
அவனுக்கு அது
கோடு போட்ட ஒரு மிருகம்.

காவலரணில் இருந்தவன் குனிந்தான்.
மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.
"புலி இல்லை தம்பி.
மான் மட்டும்."
பாடமாக்கிய தமிழ்,
சொல்லுக்குச் சொல் நின்று வந்தது.

ஒல்லாந்தர் மதிலோரம்
ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலை
லஞ்ச் சீற்றோடு மென்றுகொண்டிருந்தது.
பிள்ளை ஓடிப்போய்ப் படமெடுத்தான்.

என் கை இன்னும்
அவன் வாய் இருந்த உயரத்தில்.