கார்கோ தராசு

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச்
செருப்பைக் கழற்றி ஏறி நின்றேன்.
பகலெல்லாம் பால்பவுடரும் கம்பளியும்
கோடாலித் தைலமும் ஏறி இறங்கிய தராசு.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி
நூற்று நான்கு புள்ளி ஆறில் நின்றன.
இதே மேடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்,
‘மிஷின் பொய் சொல்லாது அண்ணே.’

கிலோவுக்கு எண்ணூறு பில்ஸ்.
மனாமாவிலிருந்து பண்ருட்டிக்கு
என்னை அனுப்ப எண்பத்து மூன்று தினார் சொச்சம்.
பேக்கிங் தனி.

மூன்று வருஷம் முன்பு
இருபத்திரண்டு கிலோ இறக்கியவன் நான்.
பொழுது விடிந்தால் எண்ணி நூறு பாதாம்,
வெண்ணெய் மிதக்கும் டீ,
கறிக்கு முன்னால் அதன் கொழுப்பு.
‘உனக்குக் கொழுப்பு ஜாஸ்திடா’ என்பான்
மேல்கட்டில் செல்வின்.
அந்த நாளில் அது பாராட்டு.
முன், பின் என்று இரண்டு போட்டோ அனுப்பினேன் வீட்டுக்கு.
பின்னதைப் பார்த்த மங்கையர்க்கரசி
‘உடம்புக்கு ஏதும் மறைக்கிறீங்களா?’ என்று அழுதாள்.

அப்புறம் ஒரு இரவு
கண்டெய்னர் இறக்கிய களைப்பில்,
கீழே தந்தூரில் உப்பி வந்த குபூஸ் வாசனையில்,
ஒன்று என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.
அது ஒன்றும் செய்யவில்லை.
அடுத்த வாரம் தம்பிகளைக் கூட்டி வந்தது.

சில பெட்டிகள் திரும்பி வரும்.
‘ஆள் இல்லை’, ‘கதவு பூட்டியிருந்தது’ என்று
யாரோ கிறுக்கிய சீட்டு ஒட்டியிருக்கும்.
அனுப்பியவர் வந்து எடுக்கும்வரை
மூலையில் அடுக்கி வைப்போம்.
அப்படித்தான் வந்து சேர்ந்தது என் இருபத்திரண்டும்.
கூடவே எட்டு,
யார் அனுப்பியதோ, என் பெயருக்கு.

மூன்று மாதச் சர்க்கரை ஒன்பதைத் தொட்டிருந்தது.
டாக்டர் ரெஜீனா காகிதத்தை என் பக்கம் திருப்பிவைத்து
மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்:
‘மாத்திரையை நான் பார்க்கும்.
பிளேட்டை நீ பார்க்கணும். ஆறு மாசத்துக்கு அல்ல கேட்டோ.’
அந்தக் கடைசி வரிதான்
லிஃப்டில் என்னோடு இறங்கியது.

அன்றைக்கே மெஸ் கணக்கில்
என் பங்கு அரிசியைக் கழிக்கச் சொன்னேன்.
‘சோத்துக்குத்தானேடா கடல் தாண்டி வந்தோம்’
என்றான் செல்வின், வாயில் சோற்றோடு.
ரவூப் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டினான்.
‘போன தடவையும் கழிச்சேன்.
நீ திரும்பச் சேர்ந்ததுல
நாலு பேர் கணக்கும் குழம்பிப் போச்சு.
இந்தத் தடவை பென்சில்ல எழுதுறேன்.’

இப்போது போட்டோ எடுப்பதில்லை.
மாதக் கடைசியில் ஒருமுறைதான் தராசு.
வெள்ளிக்கிழமை பிரியாணித் தட்டைச் சுற்றி
நானும் உட்காருகிறேன்.
கறியும் முட்டையும் வெள்ளரியும் என் ஓரத்துக்கு வரும்.
நெய்யில் பளபளக்கும் நீள அரிசி
மற்ற மூன்று பக்கம் சரியும்.
பார்க்காத மாதிரி இருக்கமாட்டேன். பார்ப்பேன்.
தந்தூர்க்காரன் கை காட்டினால்
நானும் கை காட்டிவிட்டு
எதிர்ச்சாரியில் நடப்பேன்.
போன வாரம் ஒருநாள் சாலையைக் கடந்தேன்.
மறுநாள் மறுபடி எதிர்ச்சாரி.

இன்று அறுபத்து மூன்றாம் நாள்.
ரவூப் குளிக்கப் போன நேரம்
நோட்டைத் திறந்து பார்த்தேன்.
இன்னும் பென்சில்தான்.
ஆனால் இந்த மாதம்
கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கிறான்.