பத்து இருபது

மூன்றாம் முறையாக இதே பெட்டியைத் திறக்கிறேன்.
திருகாணிகளுக்கு என் கை மனப்பாடம்.

அர்வைக்கேர் கால்நடை மருந்தகம், முன்னறை.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உள்ளே துலம்சுரேன்,
கம்பளி அங்கி, கம்பளிக் காலணி,
ஆடுகளின் காது எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பாள்.
நடுவில் திரை கறுத்துப்போகும்.
எழுபது ஆடு போச்சு என்பாள்,
ஓநாய் வந்துபோனதைச் சொல்வதுபோல.

முதல் முறை தூசியின் மேல் பழி போட்டேன்.
விசிறியிலிருந்து ஒரு கைப்பிடி வந்தது,
பாதி புழுதி, பாதி செம்மறி.
கைகழுவிக்கொண்டு காசு வாங்கிப் போனேன்.

இரண்டாம் முறை பட்டறைக்கே தூக்கிப்போனேன்.
நினைவகத்தில் வீடுவீடாகக் கதவைத் தட்டி
ஆளுக்கொரு சுழியைக் கொடுத்துவைத்துத்
திருப்பிக் கேட்டேன்.
பிறகு ஒன்றைக் கொடுத்துக் கேட்டேன்.
விடியவிடிய. எண்ணூறு கோடிக் கதவுகள்.
ஒருவர்கூட இல்லையென்று சொல்லவில்லை.
(என் மைத்துனனுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.)
பவர் சப்ளையை மாற்றினேன்,
பிராசஸருக்குப் புதுப் பசை தடவினேன்,
விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினேன்.
மூன்று நாள் என் மேசைமேல் உத்தமன்.
கொண்டுவந்து வைத்த மறுநாளே போன்:
செத்துப்போச்சு.

விழும்போதெல்லாம் மணியைக் குறித்துவை என்றேன்.
வேறென்ன சொல்ல.

இன்று குறிப்பேட்டை நீட்டுகிறாள்.
தடுப்பூசிக் கம்பெனியின் இனாம்,
அட்டையில் ஒரு யாக் சிரிக்கிறது.

திங்கள், பத்து இருபது.
செவ்வாய், பத்து இருபத்தைந்து. நாலு ஐந்து.
புதன் இல்லை.
வியாழன், பத்து இருபது. நாலு பத்து.
அடுத்த வாரமும் புதன் இல்லை.

வன்பொருளுக்குக் கிழமை தெரியாது.
வைரஸுக்குத் தெரியலாம்; தேடிவிட்டேன், கிடையாது.

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு
சும்மா உட்கார்ந்தேன்.
பால்தேநீர் கொடுத்தாள், உப்பு தூக்கல்.
சுவர்க்கடிகாரம் பத்து பதினெட்டு.
பழைய ரஷ்ய ஜீப் ஒன்று இருமிக்கொண்டே வந்து
வாசலில் நின்றது.

அவள் எழுந்தாள்.
நைலான் உறையை விட்டுக் கம்பளி பிரிந்தது,
சருகு மிதிபடும் ஓசை.
ஜன்னலுக்கு எட்டிச் சாய்ந்தவள்
ஊன்றிக்கொள்ள ஒரு கையைப் பெட்டிமேல் வைத்தாள்.
நீலமாக ஒரு பொறி.
கண்ணால் பார்த்தேன்.
எழுபது ஆடு.

கீழே தம்தின்,
ஊசிமருந்து உறைந்துவிடாதபடி
பெட்டியை அங்கிக்குள் அணைத்தபடி
கிடங்குப் பக்கம் போனான்.
அண்ணாந்து பார்க்கவில்லை.
புதன்கிழமை அவனுக்கு வேறு வட்டாரம்,
அது ஊருக்கே தெரியும்.

பாத்தீங்களா, நான் ஒண்ணும் பண்ணல என்றாள்.
கணினியைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சோவியத் காலத்துக் கட்டடம்.
சாக்கெட்டில் இரண்டே துளை.
மின்சாரம் வரவும் போகவும் வழியுண்டு,
வேண்டாத பொறி மண்ணுக்குப் போக வழியில்லை.
எர்த் கம்பி இறக்கவேண்டும்;
மண் இப்போது கம்பியைவிடக் கெட்டி.
மே மாதம் வருகிறேன்.
அதுவரை
எழுந்ததும் முதலில் சுடுநீர்க் குழாயைத் தொடு,
பிறகு வேறெதையும் தொடு.
நைலான் உறையை உருவினேன்,
பெட்டியைக் கைக்கெட்டாத மூலைக்குத் தள்ளினேன்,
காற்று வறளாதிருக்க ஒரு தட்டில் தண்ணீர் வைத்தேன்.
பில்லில் எழுதினேன்,
காரணம்: நிலைமின்சாரம்.
பொய் என்று சொல்ல முடியாது.

மார்ச்சில் பிரிண்டருக்காகப் போனேன்.
இப்போ விழறதில்லையே?
ஒரு தடவைகூட இல்லை என்றாள்.
குழாயில் விரல் படும் இடம் மட்டும்
பெயின்ட் பளபளத்தது.
அவள் தாள் எடுக்க உள்ளே போனபோது
மேசையில் அந்த யாக், அதே சிரிப்பு.
பிரித்திருக்கக் கூடாது.

நேற்றைய தேதி. பத்து இருபது.
அதன் கீழே, நாலு பன்னிரண்டு.
முந்தைய பக்கத்தில்
புதன் காலியாக இருந்தது.