சுமைகூலி

ஜூலியா கிரீக், இரவு இரண்டே கால்.
மோட்டல் கூரைத் தகரத்தில் மழை.
வாசலில் டார்சியின் லாரி, மூன்று பெட்டி நீளம்,
உள்ளே நூற்றைம்பது மாடுகள் நின்றபடி.
அவற்றின் மூச்சில் வரவேற்பறைக் கண்ணாடி வேர்க்கிறது.

"ரிச்மண்ட் ரோடு திறந்திருக்கா, பாரேன்."
இதுதான் கேள்வி.
உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று போதும்.
அந்தக் காலத் தந்தியில் அரைக்காசுக்கு அடங்கும்.

திறந்தேன்.
முதலில் வெள்ளை.
வெள்ளைக்குள் ஒரு வட்டம், தன் வாலைத் தானே துரத்தியபடி.
எங்கள் மாதக் கணக்கு இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டது;
மிச்ச நாளுக்குக் கம்பெனி செய்வது
சொட்டுநீர்ப் பாசனம்.

பிறகு மேலிருந்து இறங்கத் தொடங்கியது ஒரு படம்.
வானம், நீலம்.
இன்னும் வானம்.
நாலு நிமிடத்தில் ஒரு நெற்றி.
ஆறாவது நிமிடம் புரிந்தது,
கடற்கரையில் சிரிக்கும் ஒரு குடும்பம்.
அவர்கள் பற்கள் வந்துசேரும் முன்
குறுக்கே ஒரு பெட்டி: குக்கீகளை ஏற்கிறீர்களா?
ஏற்றேன்.
இன்னொரு பெட்டி:
எங்கள் சேவை எப்படி இருந்தது?
ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை?

டார்சி தொப்பியைப் பிழிந்தான்.
எதுவும் சொல்லவில்லை. மாடுகள் சொல்லின.

அவனிடம் நான் சொல்லாதது ஒன்று:
இந்த வேலைதான் ஏழு வருஷம் பார்த்தேன்,
சோழிங்கநல்லூரில், ஒன்பதாவது மாடியில்.
படத்தைப் பெரிசாக்கு என்றார்கள், பெரிசாக்கினேன்.
அசையட்டும் என்றார்கள், அசையவிட்டேன்.
"எடை கூடுதே, மெதுவான லைன்காரங்க என்ன பண்ணுவாங்க?"
என்றாள் சோதனைப் பிரிவு ஜெஸிந்தா.
இந்தக் காலத்துல யாருடி அப்படி இருக்கா என்றேன்.
அன்றைக்குக் கேன்டீனில் இலவச ஐஸ்கிரீம்.
சிரித்துக்கொண்டே இறங்கிப் போனோம்.

யாருடி.
நான்தான்டி, ஜெஸிந்தா.

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
ஒரு சொல்லை ஏற்றிவர
ஊர்வலமே கிளம்பி
வழியில் எங்கோ சேற்றில் நிற்கிறது.

டார்சி மோட்டல் வண்டியின் சாவி கேட்டான்.
நாலு கிலோமீட்டர் கிழக்கே ஓடை,
ஓரத்தில் ஆழம் காட்டும் வெள்ளைக் கம்பம்.
டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போனான்.

நான் திரையோடு இருந்தேன்.
ஒரு மூக்கு வந்தது. ஒரு குழந்தையின் கை.
கையில் சிவப்பு வாளி, எவ்வளவு அழகான சிவப்பு!
அதைத் தேர்ந்தவர் ஒரு வாரம் யோசித்திருப்பார்.
எனக்குத் தெரியும், யோசிப்போம்.

முக்கால் மணியில் திரும்பினான், முழங்கால் வரை சேறு.
"ஒண்ணு நாப்பது" என்றான்.
மீட்டரில்.
ரயில்வே பட்டியில் மாடுகளை இறக்கப் போய்விட்டான்.

விடியும்போது பக்கம் முழுதாக வந்திருந்தது.
சாலை திறந்துள்ளது; நேற்று மாலை நிலவரம்.
பழைய பழக்கம், எடை போட்டுப் பார்த்தேன்.
பதினான்கு மெகாபைட்.
நட்சத்திரப் பெட்டி இன்னும் கையேந்தி நின்றது.

பிஸ்கட் அட்டையின் மூடியைக் கிழித்தேன்.
மார்க்கரில் எழுதி வாசல் கண்ணாடியில் ஒட்டினேன்:
ரிச்மண்ட் ரோடு மூடல். 1.40.
படம் எதுவும் போடவில்லை.