மாற்றுச் சாவி

போர்கோ பியோ தெருவில் என் கடை.
ஒரு கதவு அகலம், ஓர் அரவை எந்திரம்,
சுவர் நிறைய இன்னும் பல் வெட்டாத சாவிகள்.
பேராலயத்துக்கு வருகிறவர்கள்
பித்தளையில் ஜோடிச் சாவி கேட்பார்கள்:
ஒன்று பொன்னிறம், ஒன்று வெள்ளி,
குறுக்கே வைத்துச் சிவப்புக் கயிறு கட்டியது.
அதற்கென்று எங்கேயும் பூட்டு இல்லை.
விற்கிறேன். வாடகை இருக்கிறதே.

செலினா வடக்கே மலைக்காரி, வால்தேசியர் வீட்டுப் பெண்.
அவள் முன்னோரைக் குகைக்குள் வைத்துப் புகைபோட்ட ஆணை
இந்தத் தெருமுனையிலிருந்துதான் போனது என்பாள்,
உப்பு எங்கே என்று கேட்கிற குரலில்.
பத்தொன்பது வருஷமாக
ஒரே வசனங்களை ஆளுக்கொரு முனை பிடித்து
ஈரப் போர்வை போலப் பிழிகிறோம்.

பாறை என்றாரே, என்பேன்.
"அவனையா, அவன் வாயில் வந்த அறிக்கையையா?"
அவர் பேசிய அரமாயத்தில் கேபா ஒரே சொல்.
"எழுதினவர் கிரேக்கத்தில் இரண்டாக எழுதினாரே."
ஆம்பிளைக்குப் பெண்பாலிலா பெயர் வைப்பார்கள்?
சிரித்துவிடுவாள். பிறகு விரல்
ஐந்தாறு வரி கீழே இறங்கித் தட்டும்:
அதே வாய், அதே ஆளை,
இடறுகல்லே விலகு என்று விரட்டிய இடம்.
"அஸ்திவாரத்துக்கும் அவனே, கால்விரல் பெயர்வதற்கும் அவனே.
நடுவில் எத்தனை மூச்சு, ஓரெஸ்தே?"

நான் இராவுணவு மேசைக்கு ஓடுவேன்.
சாத்தான் முறத்தில் போட்டுப் புடைக்கக் கேட்டது
எல்லாரையும்; அங்கே 'உங்களை'.
ஆண்டவர் மன்றாடியதோ ஒருவனுக்காக; அங்கே 'உனக்காக'.
அந்த ஒருமையில்தான் நிற்கிறது என் கட்சி.
"மன்றாட வேண்டியிருந்தது அவனுக்குத்தானே," என்பாள்.

சாவி என்று வந்தால் அது என் தொழில்.
ஏசாயாவைத் திறப்பேன்: தாவீதின் வீட்டுச் சாவி
ஒரு காரியக்காரன் தோளில்.
முன்னவன் போனான், பின்னவன் வந்தான்,
வீடு பூட்டை மாற்றவில்லை.
ஆள் சாவான், பொறுப்பு சாகாது.
"அப்படியென்றால் மாற்றுச் சாவி.
பிரதியின் பிரதி, அதற்கும் ஒரு பிரதி.
அசலைக் கொண்டுவா, பிரதியில் வெட்டினால்
மயிரிழை மயிரிழையாய்த் தேயும் என்று
கடையில் சொல்கிறவன் யார்?"
நான்தான்.
"அந்த அதிகாரத்தின் கடைசி வரியையும் படி.
உறுதியான இடத்தில் அடித்த முளை
சுமையோடு விழுகிறது."

திறவுகோல், செங்கோல், மேய்ப்பன் கோல்.
கோல் ஒன்றுதான்.
ஆட்டை ஓநாயிடமிருந்து இழுத்ததும் அது,
ஆட்டின் முதுகில் இறங்கியதும் அது.
இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

புகை வெளுத்த அன்று மாலை
தெருவே சதுக்கத்துக்கு ஓடியது.
நானும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடினேன்.
திரும்பி வந்தால் என் ஸ்டூலில் அவள்,
யாரோ ஒரு கன்னியாஸ்திரீக்குத்
தபால்பெட்டிச் சாவி வெட்டிக்கொண்டிருந்தாள்.
"யாராம்?" என்றாள். சொன்னேன்.
"பாவம்," என்றாள்.
பரிகாசமா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

திங்கட்கிழமை கடை விடுமுறை.
பிராச்சானோ ஏரிக்கரையில் கரி மூட்டி மீன் வைத்தோம்.
கரி நெருப்பு இரண்டே இடத்தில் வருகிறது.
முற்றத்தில் ஒன்று: குளிர் காய்ந்தபடி, அந்த ஆளைத் தெரியாது
என்று மும்முறை சொன்ன வாய்.
கரையில் ஒன்று: அதே வாயிடம் மும்முறை கேள்வி.
"ஆளத் தெரியுமா என்று கேட்கவில்லை," என்றாள் செலினா,
"நேசிக்கிறாயா என்றுதான்."
கேட்டுவிட்டு ஆடுகளைக் கொடுத்தாரே, என்றேன்.
"கொடுத்தார். ஆனாலும் 'என்' ஆடுகள் என்றார்."

எனக்குப் பதில் இருந்தது. இருந்த மாதிரி இருந்தது.
காற்று திரும்பி, புகை கண்ணில் அடித்தது.
மீன் ஒரு பக்கம் கருகுகிறது என்றாள்.
குச்சியை வாங்கி
அவளே புரட்டிப் போட்டாள்.