நானூற்று நாலு

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம்.
அணாவைப் பைசாவாக்கும் அட்டவணை
என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.
மேலக் கோபுரத் தெருவில்
உதுமான் ராவுத்தரின் துப்பாக்கிக் கடை.
நான் அங்கே கணக்கு.

கம்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்
பொம்மையசாமி நாயக்கர்.
வியர்வையில் நைந்த கலெக்டர் உத்தரவை
மடிப்பு கிழியாமல் விரித்தார்:
சுருளிப் பக்கம் ஒற்றைக் கொம்பன்,
மூன்று ஆள், ஒரு மோட்டார் ரூம்,
முன்னங்கால் நொண்டும்,
அறுபது நாளைக்குள் சுடலாம்.

"இருக்கிறதிலேயே பெரிசாக் குடுங்க, ராவுத்தரே."

ராவுத்தர் எழுந்திருக்கவில்லை.
இழுப்பறையைத் திறந்து
மூன்று ரகத்தையும் மேசையில் நிறுத்தினார்,
பள்ளிக்கூடப் போட்டோவுக்கு நிற்கும் பையன்கள் மாதிரி,
பருமன்வாரியாக.
முந்நூற்று எழுபத்தஞ்சு.
நானூற்று நாலு.
நானூற்று எழுபது, அது இரட்டைக்குழலுக்கு.

பக்கத்து நகைக்கடையில் தராசு இரவல் வாங்கி
உதிரிக் குண்டுகளை நிறுத்தவன் நான்.
முதலாவது ஒன்றேமுக்கால் தோலாவுக்குக் கொஞ்சம் குறைவு.
அடுத்தது இரண்டேகாலுக்கு மூன்று குன்றிமணி குறைவு.
கடைசி, இரண்டேமுக்காலுக்கு மேலே ஒரு பொட்டு.
"தாலியே செய்யலாம்போல" என்றார் நாயக்கர்.
யாரும் சிரிக்கவில்லை.

"நெத்தி எலும்பு தேனடை மாதிரி" என்றார் ராவுத்தர்.
"மூக்கு மெத்தென்று இருக்கிற குண்டு
உள்ளே போய்ப் பூவா விரிஞ்சு நின்னுடும்.
முழுக் கவசம் போட்டதுதான் நேரே போகும்.
எழுபது உதைக்கும்.
உங்க தோள் தாங்கும், கண்ணு தாங்காது.
ரெண்டாவது வெடிக்கு இமையை மூடிடுவீங்க.
எழுபத்தஞ்சு போதும்,
கை நிதானமா இருக்கறவங்களுக்கு."

நாயக்கர் கையில் காபி இருந்தது.
டம்ளரும் டவராவும்
தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன.

"நாலு" என்றார் ராவுத்தர், என்னைப் பார்த்து.
"இருப்பு?"
"ஒன்பது. சண்டைக்கு முந்தின சரக்கு."
"துருப்பிடிக்காததாப் பார்த்துக் கட்டு."
ஒன்பதையும் கட்டினேன்.

லைசென்ஸ் நம்பருக்காகப் பேரேட்டைப் பின்னால் புரட்ட,
தை மாதம்.
அணாவில் விலை போட்ட பக்கம்.
என் கையெழுத்தேதான்:
பொ. நாயக்கர், கம்பம்.
இருபத்திரண்டு, பெட்டி ஒன்று, ஐம்பது எண்ணிக்கை.
காரணம்: காட்டுக்கோழி.

கோழிக்கென்று வாங்கியது
கோழியோடு நின்றுவிட வேண்டும் என்று
பெட்டியில் எங்கும் அச்சடித்திருக்கவில்லை.
வாழைத் தோட்டத்தில் ராத்திரி
இருட்டே ஒரு குலையை முறித்தால்
ஆள் எதைத் தூக்குவான்?
கைக்கு எட்டியதை.

நம்பரை மட்டும் எழுதிக்கொண்டேன்.

முப்பத்தெட்டாம் நாள் வந்தார்.
மேசையில் ஏழு தோட்டா.
ரெண்டே ரெண்டு செலவு என்றார்,
அதைச் சொல்லும்போது குரலில் ஒன்றுமில்லை.
பிறகு மடியை அவிழ்த்து
தினசரித் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.
"மாட்டு டாக்டர் காலை அறுத்தாரு.
சீழுக்குள்ள இது."

கடித்துத் துப்பிய பாக்குப்போல
நசுங்கிய ஈயம்.
மறுபடி தராசு. மறுபடி குன்றிமணி.
ஒவ்வொன்றாகப் போட்டேன்.
இருபத்தொன்றில் முள் நேராக நின்றது.

"எந்த ரகம்?"
"இருபத்திரண்டு."
"எந்தப் பாவியோ" என்றார் நாயக்கர்.
கொஞ்ச நேரம் கழித்து,
"யாருதுன்னு தெரியுமா, இதை வச்சு?"

ராவுத்தர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வண்டிக்காரன் ஒருவன்
கோபுரத்துப் பக்கம் திரும்ப முடியாமல்
மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"ரகம் தெரியும்" என்றேன்.
"பேரு தெரியாது."

பேரேடு எங்கள் நடுவே திறந்து கிடந்தது,
அவருக்குத் தலைகீழாக.
தலைகீழாகவும் படிக்கத் தெரிந்தவரா
என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.
வரவு, நானூற்று நாலு, ஏழு
என்று எழுதி, மை காய ஊதினேன்.

ஈயத்தை விட்டுவிட்டுப் போனார்.
அதை வரவில் வைப்பதா, செலவில் வைப்பதா
என்று யோசித்துக்கொண்டிருந்தபோது
தராசைக் கேட்டு
நகைக்கடைப் பையன் வந்து நின்றான்.