கே இல்லாத பெட்டி

போன வாரம் அவள் கணவனுக்கும்
நான்தான் அச்சுக் கோத்தேன்.
"என் மனைவி வாங்கும் கடனுக்கு
நான் பொறுப்பல்ல."
கனவான்கள் விரும்பும் எழுத்தாகக் கேட்டான்:
தண்டு மட்டும் தடித்து, மற்றதெல்லாம் மயிரிழை.
மீன்சந்தைச் சுவரின் மலிவுத்தாளில்
மயிரிழைகள் ஏறவேயில்லை.
பத்தடி தள்ளி நின்றால்
வரிசையாய் வேலிக்கம்புகள், அவ்வளவுதான்.

இன்று அவளே வந்திருக்கிறாள்,
பீட்டர்ஹெட் துறைமுகத்து மழை தோளில் சொட்ட,
பத்து விரலிலும் கந்தல் சுற்றி.
ஹெர்ரிங் குடல் எடுக்கும் கத்திக்கு
விரலும் ஒன்றுதான் செவுளும் ஒன்றுதான்.
"பதில் போடணும்" என்றாள்.
"எதிர்ச்சாரியில் நின்றாலும் தெரியணும்."

கீழ்த்தட்டை இழுத்தேன்.
எகிப்தியன் என்று பெயர் இதற்கு;
பெயர் வைத்தவன் எகிப்து பார்த்திருக்க மாட்டான்.
பேரி மரத்தில் செதுக்கியது, உள்ளங்கை உயரம்.
மெலிந்த இடமென்று ஒன்று கிடையாது இதில்.
தண்டு என்ன கனமோ குறுக்கும் அதே கனம்,
பாதமும் அதே கனம்,
குழைவில்லாமல் சட்டென்று வெட்டிய
செங்கல் பாதம்.
ஏலம், கப்பல் புறப்பாடு, காணாமல்போன எருது,
பேதி மருந்து
எல்லாவற்றையும் இதன் வாயால்தான் சொல்லியிருக்கிறோம்.
வேத வசனத்துக்கு மட்டும் பாதிரியார் வேண்டாமென்றார்.
கத்துகிறதாம்.

இடம்வலம் மாறி நின்ற ஓர் 'எல்'லை எடுத்து
கட்டைவிரலால் அடியைத் தடவினாள்.
"கடலுக்குப் போகிற பூட்ஸ் போட்டிருக்கு" என்றாள்.
"இதுவே இருக்கட்டும்."

எல்ஸ்பெத் க்ருக்ஷாங்க்.
கோக்கத் தொடங்கினேன்.
ஹெச் இரண்டு இருந்தது. சி இரண்டு.
ஓர் 'ஈ'க்கு மூக்கு உடைந்திருந்தது, பரவாயில்லை.
கே ஒன்றே ஒன்று.
அவன் குடும்பப் பெயருக்கோ
நடுவில் ஒன்று வேண்டும், கடைசியில் ஒன்று.
"பெயரைச் சின்னதாய்ப் போடட்டுமா?"

மைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மட்ச்" என்றாள் பிறகு.
"கல்யாணத்துக்கு முன்னால் மட்ச்.
அதுக்கு எழுத்து இருக்கா?"

எம், யூ, டி, சி, ஹெச்.
இருந்தது.

எல்ஸ்பெத் மட்ச்
எவருக்கும் கடன்பட்டவள் அல்ல.
வலைகள் என் கூலியில் வாங்கியவை.
கேட்க வேண்டியவர்கள் அவனிடம் கேட்கவும்.

நாற்பது பிரதி.
செதில் ஒட்டிய பென்னிகளாய் எண்ணி வைத்தாள்.

மூன்று நாள் வடகிழக்குக் காற்று.
நிலக்கரிக் கப்பலின் தளத்தில் நின்றபடியே
யாரோ ஒருவன் அதை உரக்க வாசித்தானாம்,
பீப்பாய்க்காரர்கள் சிரித்தார்களாம்.
கணவன் என் கடைக்கு வந்து கத்தினான்.
அவன் எழுத்தைப் போலத்தான் கத்தினான்,
பாதி கேட்கவில்லை.

மார்ச்சில் இன்னொரு கே வந்தது,
வைக்கோலில் சுற்றி, மை படாமல்.
எரிமீன் கூடையோடு அந்தப் பக்கம் போனவள்
உள்ளே வந்து கையில் வாங்கிப் பார்த்தாள்.
காலை உதைத்து நிற்கும் அழகான எழுத்து.
"நல்லாத்தான் இருக்கு" என்றாள்,
மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.