கொட்டகலையில் ஒரு மஞ்சள் மெஷின்

கட்டாரிலிருந்து லோறன்ஸ் அனுப்பியது
ஹட்டன் பார்சல் கடையிலிருந்து
ஓட்டோவில் வந்து இறங்கியது.
வீடியோவில் அவர்:
"முழு வேகத்தில் வை. ஒரே அடி."

வைத்தேன்.
சீமெந்து முற்றம் பளிச்சென்றது, அது சரி.
முன்சுவருக்குத் திருப்பினேன்.
பாசி போகுமுன் பெயின்ட் போனது.
போன நத்தாருக்கு நானே பூசிய இளநீலம்
கானில் ஓடி
கீழ்வீட்டு லீக்ஸ் பாத்திக்குள் இறங்கியது.
கோமளவல்லி கத்தினாள்.
கத்தட்டும், நியாயந்தான்.

அவர் இருக்கும் ஊரில் தூசி.
வந்து உட்காரும், ஊதினால் எழுந்து போகும்.
இங்கே பாசி.
ஆறு மாத மழையைக் குடித்து
சுவரின் மயிர்வெடிப்புக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
அதை அடிக்கக் கூடாது.
ஊற விட வேண்டும்.

ஒரு வாளி தண்ணீர், அளந்து ப்ளீச்சிங் பவுடர்,
மிளகாய்ச் செடிக்கு மேல் பொலித்தீன்,
தேய்ந்த பிரஷ்.
கால் மணி நேரம் சும்மா இருந்தேன்,
அதுதான் கஷ்டம்.
மூடுபனி இறங்குமுன் மெல்ல ஒரு கழுவல்.
பச்சை பழுப்பாகி, பழுப்பும் போய்விட்டது.

கூரை பழைய அஸ்பெஸ்டஸ்.
கிட்டவே போகவில்லை.
"ஏன்?" என்றார்.
"அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால்
எந்த மெஷினால் கழுவுவது?"
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஏசி சத்தம் மட்டும்.

"பின்னால் இன்னும் பச்சையாகத் தெரியுதே?"
மண் சரியாமல் அடுக்கிய கல்லணை,
இடுக்கெல்லாம் பாசி, பெரணி.
போனைத் திருப்பிக் காட்டினேன்.
"அது இருக்கட்டும்."

"அப்ப மெஷின்?"

"நீங்க வந்து
உங்க மோட்டார் சைக்கிளைக் கழுவுங்க."